உள்ளே ஆள் இருக்காங்களா?

ஷா ஆலமிலிருந்து மேரு, காப்பார் வழியாகக் கோல சிலாங்கூர் பக்கம் போயிருக்கிறீர்களா? செம்பனை மரங்களுக்கு நடுவே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயங்கள் சில இன்னும் கண்ணில் படும். துருவேறிய தகரக் கூரை, சாயம் போன பலகைச் சுவர், ஒரு பக்கம் சரிந்த படிக்கட்டு. காரின் பின்சீட்டில் இருக்கும் அண்ணன் உடனே “பேய் வீடு!” என்பான். தங்கை “இல்லண்ணா, அங்கே ஆள் இருக்காங்க” என்பாள். அப்பா ஓட்டுகிற வேகத்தில் வீடு ஐந்தே விநாடியில் மறைந்துவிடும். சண்டை மட்டும் காப்பார் தாண்டியும் ஓயாது.

இருவரில் யார் சொன்னது சரி? கதவைத் தட்டாமலே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். எதைப் பார்ப்பது, எதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. ஷா ஆலம் நகரம் 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அதற்கு முன்பு சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதியில் பால்மரக்காடும் செம்பனைக்காடும்தான். 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிவிட்டதால் சிலாங்கூருக்கு வேறொரு தலைநகரம் தேவைப்பட்டது. 1978 டிசம்பர் 7 அன்று ஷா ஆலம் தலைநகரமானது. 2000 அக்டோபர் 10 அன்று மாநகரமும் ஆனது. நகரம் வளர வளரத் தோட்டங்கள் சுருங்கின. இன்றைய செத்தியா ஆலம், நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்ததுதான். மிட்லெண்ட்ஸ் தோட்டமும் போய்விட்டது. ஷா ஆலம் ஏழாவது பிரிவில் இருக்கும் தமிழ்ப்பள்ளி மட்டும் அதன் பெயரைக் காப்பாற்றி வருகிறது.

நிலம் விற்கப்படாத தோட்டங்களிலும் ஆள் குறைந்ததற்கு மரமே ஒரு காரணம். பால்மரம் வெட்ட விடியற்காலையில் நிறைய கைகள் வேண்டும். செம்பனையில் அப்படியில்லை, ஒரு மரத்துக்குப் பத்து, பதினான்கு நாளுக்கு ஒருமுறை குலை வெட்டப் போனால் போதும். நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. பின்னாளில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நடும் வழக்கம் எங்கும் பரவ, பத்துப் பேர் செய்த வேலைக்குச் சிலரே போதும் என்றானது. பிள்ளைகள் படித்துவிட்டுக் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் வேலை தேடிக்கொண்டார்கள். பெற்றோரில் சிலர் அடுக்குமாடிக்குப் போனார்கள். சிலர் போக இடமில்லாமலோ மனமில்லாமலோ அங்கேயே இருந்துவிட்டார்கள். சில கதவுகளுக்குப் பின்னால் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் குடியேறினார்கள்.

ஆக, பத்துக் கதவு உள்ள ஒரு லயத்தில் ஏழு வீடு காலியாகவும் மூன்றில் குடும்பங்களும் இருக்கலாம். மேலே ஒரே கூரை, ஒரே துரு. கூரையைப் பார்த்து எப்படிச் சொல்வீர்கள்?

சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்போம். தகரக் கூரை என்று நாம் சொல்வது இரும்புத் தகடு. அதன்மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். மழையும் காற்றும் தாக்கும்போது துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பூச்சு தீர்ந்த பிறகுதான் செந்துரு தலைகாட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. ஆகவே கூரையின் துரு சொல்வது ஒன்றுதான்: இந்தத் தகடு போட்டு ரொம்ப வருடம் ஆகிவிட்டது. அதன் கீழே நேற்று இரவு யாராவது படுத்தார்களா என்பது துருவுக்குத் தெரியாது. கூரை மாற்றக் காசில்லாதவர் ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இங்கேதான் நம் பாடத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு வீட்டில் தெரியும் ஒவ்வொரு அடையாளமும் ஒரு கடிகாரம். சில கடிகாரங்கள் வருடக் கணக்கில் ஓடும்: கூரைத் துரு, சாயம் போன பலகை, சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்று. (அந்தக் கன்றை யாரும் நடவில்லை. பழம் தின்ற பறவை எச்சமிட்டதில் விதை விழுந்து முளைத்தது.) வேறு சில கடிகாரங்கள் நாள் கணக்கில், ஏன், நிமிடக் கணக்கிலும் ஓடும். ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு வேகமாக ஓடும் கடிகாரம்தான் பதில் சொல்லும். நாமோ பெரும்பாலும் வருடக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு “பேய் வீடு” என்கிறோம்.

மிக வேகமான கடிகாரம் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. தோட்டப்புறப் பாதை ஓரங்களில் தொட்டாற்சுருங்கி மண்டிக் கிடக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் முழுக்கப் பரவிவிட்ட செடி. இலைக்காம்பின் அடியில் சின்ன வீக்கம் போல ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அங்குள்ள உயிரணுக்கள் நீரை நிரப்பிக்கொண்டு இலையை விறைப்பாக நிறுத்துகின்றன. தொட்டதும் ஒரு பக்கத்து அணுக்களிலிருந்து நீர் வெளியேறிவிடும். இலை மடங்கித் தொங்கிவிடும். மறுபடி நீர் ஏறி இலை விரியப் பத்து, இருபது நிமிடம் பிடிக்கும். இப்போது யோசியுங்கள். காற்றில்லாத பகல் வேளை. நீங்கள் வந்து நிற்கிறீர்கள். பாதையின் இரு ஓரத்துச் செடிகளும் விரிந்திருக்க, நடுவில் மட்டும் ஒரு கோடாக இலைகள் மடங்கிக் கிடக்கின்றன. அப்படியென்றால் சற்று முன்புதான் யாரோ அந்த வழியே போயிருக்கிறார்கள். ஆளாகவும் இருக்கலாம், ஆடாகவும் இருக்கலாம். அதைச் செடி சொல்லாது. மழைத்துளி பட்டாலும் இலை மடங்கும், இரவில் தானாகவே மடங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து பாதையே ஒரு சாட்சி. தினமும் மிதிபடும் மண் இறுகிப் போகும். நீர் இறங்காது, வேர் நுழையாது. லாலாங் புல் அங்கே உயரமாக வளர முடியாது; மிதித்தாலும் தாங்கும் தரையோடு படர்ந்த புல்வகைகள்தான் பிழைக்கும். நடப்பவர் நின்றுவிட்டால் நம் மழைக்குச் சில வாரங்களிலேயே வழி மூடத் தொடங்கிவிடும். முன்வாசல் பாதையில் முட்டியளவு புல் இருந்தால் அவசரப்படாதீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். லயத்து வாழ்க்கையில் அடுப்படி, குளியலறை, துணிக்கொடி எல்லாம் பின்னால்தான். முன்கதவைத் திறக்காமலே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

நம் வீடுகளுக்கென்றே சில கடிகாரங்கள் இருக்கின்றன. பச்சரிசி மாவில் போட்ட கோலத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். அது பளிச்சென்று இருந்தால் இன்று காலை போட்டது. மாவிலைத் தோரணம் சில நாளில் பச்சை போய்ச் சுருண்டுவிடும். ஆனால் கவனம்! பிளாஸ்டிக் தோரணமும் ஒட்டுக் கோலமும் வந்தபிறகு இந்த இரண்டு கடிகாரமும் பல வீடுகளில் நின்றுபோய்விட்டன. போன தீபாவளிக்கு ஒட்டியதா, பத்து வருடத்துக்கு முன் ஒட்டியதா என்று யார் கண்டது? அறிவியல் கண்ணோட்டத்தில் நான் ஒட்டுக் கோலத்துக்கு எதிரி.

சிலந்தி வலையைப் பலர் பெரிய ஆதாரமாக நினைக்கிறார்கள். வட்ட வலை பின்னும் சிலந்திகள் பலவும் ஒரே இரவில் புது வலை பின்னிவிடும். வாசலுக்குக் குறுக்கே வலை அறுபடாமல் இருந்தால், வலை பின்னியதிலிருந்து இந்த வாசல் வழியாக யாரும் போகவில்லை என்பது மட்டுமே உறுதி. அது நேற்று ராத்திரியாகக்கூட இருக்கலாம். பாட்டி இன்னும் எழுந்திருக்காமல் இருக்கலாம். தூசி படிந்து, கயிறு போலத் திரண்டு தொங்கும் பழைய ஒட்டடைக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம்.

எனக்குப் பிடித்த சாட்சி கதவுக் கீல். இரும்புக் கீலை யாரும் அசைக்காமல் விட்டால் துரு முழுக்க மூடிவிடும். தினம் திறந்து மூடும் கீலில் உராயும் இடம் மட்டும் தேய்ந்து, துருவுக்கு நடுவே மெல்லிய வளையமாக மினுக்கும். பூட்டிலும் அப்படியே: பூட்டு முழுக்கத் துரு, ஆனால் சாவித் துவாரத்தின் உதடு மட்டும் பளபளக்கிறது என்றால் அந்தப் பூட்டைத் திறக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

இனி மின்சார மீட்டர். பழைய மீட்டரில் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு கிடையாகச் சுழலும். மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கி, அந்தப் புலம் தட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டித் தட்டைத் தள்ளுகிறது. உள்ளே மின்சாரம் செலவாகாவிட்டால் தட்டு நின்றுவிடும். இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்திருக்கும் புது மீட்டர்களில் தட்டு கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பல மீட்டர்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1,000 மினுக்கல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் வீட்டு மீட்டரில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் 36 விநாடி இடைவெளி இருந்தால், ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 விநாடியில், 100 மினுக்கல். அப்படியானால் வீடு அந்த நேரத்தில் 100 வாட் இழுக்கிறது. ஒரு குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். குளிர்ப்பெட்டியும் தேவையான அளவு குளிர்ந்ததும் சற்று ஓய்வெடுக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் போனால் மீட்டர் அசையாது. “ஆளில்லை” என்று எழுதிவிட்டால் தவறாகிவிடும்.

மீட்டரே இல்லாத வீட்டிலும் ஆள் இருக்கலாம். கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம். பல தோட்டங்களில் ஒரு காலத்தில் இரவில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடும்; அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இருட்டிய பிறகு? விளக்கு எரிந்தால் தெரிந்துவிடும். எரியாவிட்டால், மறுநாள் பகலில் விளக்குக்குக் கீழே சுவரைப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பல்லியின் எச்சம் கறுப்பாக, ஒரு முனையில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அந்த வெள்ளை, பல்லி சிறுநீராக வெளியேற்றும் யூரிக் அமிலம். சுவர் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லாமல் விளக்குக்கு நேர்கீழே மட்டும் குவிந்து கிடந்தால், அந்த விளக்கு எரிந்திருக்கிறது.

அண்ணனின் பேய்க்கும் இப்போது வருவோம். இரவில் காலி வீட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு கத்தல். வெள்ளையாக எதுவோ சத்தமே இல்லாமல் வெளியே மிதந்து வருகிறது. முகம் வட்டமாக, வெளுப்பாக இருக்கிறது. ஓடாமல் நின்று பார்த்தால் அது கூகை. சிறகின் ஓரத்தில் மென்மையான சீப்பு போன்ற விளிம்பு இருப்பதால் பறக்கும் ஓசை நமக்குக் கேட்காது. செம்பனைக் குலையைக் கடித்து நாசம் செய்யும் எலிகளைப் பிடிக்கட்டும் என்று நம் தோட்டங்களில் கம்பத்தின் உச்சியில் பெட்டி வைத்துக் கூகையைக் குடிவைக்கிறார்கள். பெட்டி கிடைக்காத கூகைக்கு ஆளில்லாத வீட்டின் மச்சு போதும். அதன் கீழே தரையில் கட்டைவிரல் பருமனுக்குச் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருட்டி வாய்வழியே கக்கிவிடும். அந்த உருண்டைக்குள் எலியின் சின்னஞ்சிறு மண்டையோடு முழுசாக இருக்கும். அடிக்கடி ஆள் நடமாடும் வீட்டு மச்சில் கூகை குடும்பம் நடத்துவது அரிது. ஆகவே “பேய்” உலாவும் வீட்டில் ஆளில்லை என்று அண்ணன் சொன்னது, காரணம் தப்பாக இருந்தாலும், சரியாகவே இருக்கக்கூடும்!

பறவைக்காகவே கட்டப்பட்ட வீடுகளும் நம் நாட்டில் உண்டு. பேராக்கின் சித்தியவான் பக்கம் ஜன்னலே இல்லாத உயரமான கட்டடங்களைப் பார்க்கலாம். உள்ளே உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டுகின்றன. ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு அவற்றை அழைப்பார்கள். பார்க்கப் பாழடைந்தது போலத் தோன்றும் அந்தக் கட்டடத்தில் விலைமதிப்புள்ள குடித்தனம் நடக்கிறது.

ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்கும். குடியிருக்கும் வீடும் காலி வீடும் ஒரே மரத்தால், ஒரே வருடத்தில் கட்டியவை. காலி வீடு மட்டும் ஏன் சீக்கிரம் விழுகிறது? மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு, மர எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது ஈரம் வேண்டும். ஆள் இருந்தால் ஜன்னல் திறக்கும், காற்று ஓடும், அடுப்பெரியும், கூரைக்கால்வாயில் அடைத்த சருகை யாராவது அள்ளிப் போடுவார்கள். மரம் உலர்ந்தே இருக்கும். கறையான் சுவரில் மண்குழாய் கட்டினால் பாட்டி துடைப்பத்தால் தட்டிவிடுவார். தட்டிவிட ஆளில்லாத வீட்டில் அந்தக் குழாய் கூரை வரை போய்விடும். குழாய் உடைந்து கிடந்து மறுநாள் ஒட்டுப் போட்டிருந்தால் கறையான் உயிரோடு வேலை செய்கிறது என்று பூச்சியியலாளர்கள் கண்டுகொள்வார்கள்.

இதனால்தான் சொல்கிறேன், ஆராய்ச்சியெல்லாம் சாலையிலிருந்தே நடக்கட்டும். உளுத்த பலகைத் தரை உங்கள் எடையைத் தாங்காது; உள்ளே நாகம் சுருண்டிருக்கலாம். யாராவது குடியிருந்தால் அது அவர்கள் வீடு. எட்டிப் பார்த்தால் நமக்கே பிடிக்குமா?

இது பின்சீட்டு விளையாட்டு மட்டும்தானா என்றால், இல்லை. இரண்டு விதமாகத் தவறலாம்: ஆள் இருக்கும் வீட்டைக் காலி என்று நினைக்கலாம், காலி வீட்டில் ஆள் இருப்பதாக நினைக்கலாம். இரண்டின் விலையும் ஒன்றல்ல. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இருட்டாக இருக்கும் வீட்டைக் காலி என்று தாண்டிப் போவது பெரிய தவறு. காலி வீட்டைத் தட்டிப் பார்த்தால் சில நிமிடம்தான் வீண். டெங்கி ஒழிப்பில் அப்படியே தலைகீழ். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். உலர்ந்த தொட்டியில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கும். காலி வீட்டுத் தொட்டியைக் கவிழ்க்க யாருமில்லை. “யாராவது இருப்பார்கள், பார்த்துக்கொள்வார்கள்” என்று விட்டால் தெருவே காய்ச்சலில் படுக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதார அதிகாரிகளை உள்ளே போய்ச் சோதிக்க அனுமதிக்கிறது.

ஜப்பானுக்கு இதுவே தேசியப் பிரச்சினை. 2023-இல் அங்கே எடுத்த கணக்கில் 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்க முடியுமா? சில நகராட்சிகள் தண்ணீர் மீட்டர் கணக்கை வைத்து ஊகிக்கின்றன. விண்வெளியிலிருந்தும் முயல்கிறார்கள். 2011-இல் ஏவப்பட்ட சூவோமி என்பிபி செயற்கைக்கோள் 800 கிலோமீட்டருக்கு மேலே பூமியைச் சுற்றியபடி இரவு வெளிச்சத்தைப் படமெடுக்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் அகலம். வெறிச்சோடிய நகரத்தை அது காட்டும். லயத்தில் தனியாக எரியும் ஒரு பல்பு அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குப் பின்சீட்டுக் கண்தான் தேவை.

கடைசியாக ஒரு வீடு. நீங்களே சொல்லுங்கள். மீட்டர் கழற்றப்பட்டிருக்கிறது. ஜன்னல் கண்ணாடி உடைந்து வெகுநாள் ஆகிறது. முன்பாதையில் புல் கணுக்கால் உயரம். ஆனால் ஓர் ஆள் போகிற அகலத்துக்கு மட்டும் சாய்ந்து கிடக்கிறது. துளசி மாடத்தில் மண் ஈரமாக இல்லை, செடி வாடவும் இல்லை. விளக்கு மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் இன்னும் தூசி படியவில்லை. கதவுக் கீலில் மினுக்கம் இல்லை.

கதவைத் திறப்பதே இல்லை, ஆனால் யாரோ வருகிறார்கள். புல் நிமிர்ந்து நிற்க நேரம் கிடைக்காத அளவுக்கு அடிக்கடி, செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற முடியாத அளவுக்கு அபூர்வமாக. வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாமா? முன்பு அங்கே குடியிருந்தவராக இருக்கலாம், இப்போது அடுக்குமாடியில் இருப்பவர். இந்த ஊகம் சரியா என்று பார்க்க எளிய வழி, அதே சாலையில் வெவ்வேறு கிழமைகளில் போய்ப் பார்ப்பது. சனிக்கிழமை மட்டுமே பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை வருடம் போனாலும் அந்த வீட்டில் ஒருவரையும் பார்க்கப்போவதில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள்.